நான் குறைத்த நான்கு டெசிபல்

உன் ஹெட்போனின் காது மெத்தைகள் உதிரத் தொடங்கிவிட்டன. இன்று காலை அதைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது என் கன்னத்திலும் தோளிலும் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. தட்டினால் போகவில்லை, ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம் அலமாரியில் கிடந்த பொருள். உன் வீட்டுக்காரர் உன் லேப்டாப்போடு இதையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க, உங்ககிட்ட இருந்தாத்தான் அவளுக்கும் சரியா இருக்கும்" என்று கையில் கொடுத்தார். இன்றுவரை நான் அந்தப் பையைத் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை, உன் பீட்டுக்குப் பாடுகிற கௌசல்யா போன் செய்தாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் அவளைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "குரல் இல்லாம பீட்டு மட்டும் வேணுங்க மேடம். அக்கா செஞ்சத அப்படியே குடுத்தீங்கன்னாப் போதும்" என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் பாட்டில் ஊர் கேட்டுக்கொண்டிருக்கிற பீட் நீ செய்தது மட்டும் அல்ல. அதில் என் கை பட்டிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான்; அது உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஊரடங்கு வருடத்தில் ஆரம்பித்தது எல்லாம். எம்.எஸ்சி. இயற்பியலில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம்; நான் சேலத்தில் கல்லூரி வாத்தியாராகி, நீ திருச்செங்கோட்டில் பிளஸ் டூ டீச்சராகி, இருபது வருடம் ஓடியிருந்தது. ஆன்லைன் வகுப்புக்காக நீ ஒரு மைக்கும் இந்த ஹெட்போனும் வாங்கினாய். வகுப்பைப் பதிவு செய்ய இறக்கிய மென்பொருளில் டிரம் சத்தங்களும் கூடவே வந்தன. "சும்மா அமுக்கிப் பாத்தேன்டி, உட முடியல" என்று ஒருநாள் எனக்கு முப்பது விநாடி அனுப்பினாய். நாற்பத்து மூன்று வயதில் ஹிப்ஹாப் பீட். என்னால் நம்ப முடியவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, இந்த வயதில் இப்படியெல்லாம் ஒரு பரபரப்பு வரும் என்று ஏதோ சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை. "ஏன்டி, ஒரு பொம்பள புதுசா ஒண்ணு செஞ்சா ஒடனே ஒடம்புக்கு என்னன்னு கேப்பியா?" என்றாய்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லசமுத்திரம் வழியாகப் பஸ் பிடித்து உன் மாடி அறைக்கு வரத் தொடங்கினேன். ஆர்வத்தால் வரவில்லை. நீ எதில் ஏமாந்து போகிறாய் என்று கண்டுபிடிக்க வந்தேன். அந்த அறையில் சத்தம் எதிரொலிக்காமலிருக்க நான்கு சுவரிலும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தாய். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் உட்காருவதற்குத் தனித் தைரியம் வேண்டும். எதிர் வீட்டுக் கௌசல்யா, நாமக்கல் பக்கம் ஒரு முட்டைப் பண்ணை அலுவலகத்தில் லோடு அனுப்புகிற வேலையில் இருந்தாள். காலைப் பஸ்ஸில் எழுதியதைச் சாயங்காலம் வந்து பாடிக் காட்டுவாள். அடித்தொண்டையிலிருந்து வருகிற, கொஞ்சம் கரகரத்த குரல். அவள் பாடி முடித்ததும் நீ சொல்லுகிற முதல் வார்த்தை எப்போதும் கிக் பற்றியதாகத்தான் இருக்கும். டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், பாட்டை நெஞ்சில் குத்துகிற அந்த அடி. "குரல் கனமா இருக்குது. கிக்கு நீளமா இருந்தா இவ கால மிதிச்சிரும். குட்டையா, காஞ்சதா ஒண்ணு வேணும்."

ஒரு கிக்குக்கு மென்பொருளில் இருக்கும் நூறு மாதிரிச் சத்தங்களைக் கேட்டுப் பார்ப்பாய். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. சத்தம் கூடுதலாக இருப்பதைத்தான் நல்லது என்று எடுக்கிறாய், இது எல்லா மனிதக் காதும் செய்கிற தவறு என்று வாதாடினேன். நீ எழுந்து நாற்காலியை என்னிடம் தள்ளினாய். "அப்ப நீயே பரிட்சை வைய்யி."

வைத்தேன். ஏழு கிக்குகளை எடுத்து எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். பெயர்களை மறைத்தேன், வரிசையைக் கலைத்தேன், கௌசல்யாவின் குரலோடு சேர்த்துப் போட்டேன். நீ முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மூன்று சுற்றிலும் ஒரே கிக்கைத்தான் தேர்ந்தெடுத்தாய். மூன்றாவது சுற்றில் ஒன்றைப் போட்டதும், "இத இப்பத்தான போட்ட? பேர மாத்திக் கூட்டிட்டு வந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாய். கௌசல்யா கைதட்டினாள். நான் விடவில்லை. மேலும் ஒரு சுற்று வைத்தேன், அதிலும் அதுவேதான்.

அன்றிலிருந்து உன் காதை நம்பினேன். நம்பினேன் என்று எழுதும்போது கை தயங்குகிறது. எழுதியது இருக்கட்டும்.

நீ தேர்ந்தெடுத்த அந்தக் கிக்குக்கு முனை இருந்தது, வயிறு, அதாவது அடியில் இருக்க வேண்டிய கனத்த சத்தம், இல்லை என்றாய். வயிற்றை நீ தேடிப் பிடித்த இடம் உன் வீட்டு வாசலில் நின்ற உங்கள் லாரி. உங்கள் டிரைவர் கிளம்புமுன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார் அல்லவா, காற்றுச் சரியாக இருக்கிறதா என்று கேட்க. நீ மைக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாய். "காத்து சரியா இருந்தா டொம்முனு வருமுங்க. கொறஞ்சிருந்தா சோத்துல தட்டுன மாதிரி இருக்குமுங்க" என்று அவர் விளக்கினார். பத்து டயரில் பின்பக்க உள் டயர் ஒன்றின் டொம் உனக்குப் பிடித்தது. "அண்ணா, அதுல மட்டும் இன்னும் ரெண்டு தட்டுங்க" என்று நீ கேட்க, "ஏனுங்க டீச்சர், டயர் கெட்டுப்போச்சுங்களா?" என்று அவர் பயந்துபோனார்.

அந்த டயர்ச் சத்தத்தை உன் கிக்கின் அடியில் வைத்தபோது வேடிக்கை நடந்தது. இரண்டும் தனித்தனியாக நன்றாக இருந்தன, சேர்த்தால் சோர்ந்துபோயின. நீ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாய். நான் திரையில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று மேலே ஏறும் இடத்தில் மற்றது கீழே இறங்கியது, ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. டயர் அலையைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னேன். புரட்டினாய். தரை அதிர்ந்தது. இருபது வருடம் கரும்பலகையில் நான் வரைந்த படத்தை அன்றுதான் முதல்முறையாக என் விலா எலும்பில் கேட்டேன். நீ என்னைப் பார்த்து, "பரவாயில்லடி, நீயும் எதுக்காச்சும் ஒதவுவ" என்றாய். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் மறக்காதது அது.

பிறகு நீ செய்கிற எதையும் பஸ்ஸில் போட்டுக் கேட்காமல் முடிந்தது என்று சொல்லமாட்டாய். உங்கள் ஊர்த் தனியார் பஸ்களில் இருக்கைகளைவிட ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கும். நாமக்கல் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் ஏறி, டிரைவரிடம் பென்டிரைவை நீட்டுவாய். நான் இரண்டு சீட் தள்ளி, உன்னைத் தெரியாதவள்போல் உட்கார்ந்துகொள்வேன். முதல்முறை அந்த டிரைவர் அரைப் பாட்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடி உழுகுதுங்க அக்கா. ஆனா பொடனில உழுகுது. நெஞ்சுல உழுகணும்." பிடரியைத்தான் அவர் சொன்னார்; நீ நோட்டை எடுத்து 'பொடனி' என்றே எழுதிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து முந்நூறு ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் செதுக்கிக் குறைத்தாய். அடுத்த வாரம் அதே பஸ், அதே டிரைவர். அவர் ஒன்றும் சொல்லாமல் சத்தத்தைக் கூட்டினார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

அப்போதெல்லாம் நான் ஏதாவது கருத்துச் சொல்ல வாயெடுத்தால், "கேட்டுட்டுச் சொல்லு. சொல்லிட்டுக் கேக்காத" என்பாய்.

உனக்கு நோய் வந்தது. அதைப்பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்குமுன் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து, இந்த மருந்து சிலருக்குக் காதைப் பாதிக்கும், கூர்மையான உயர்ந்த சத்தங்கள் முதலில் குறையும் என்றார். நீ, "கொசு பாடறது கேக்காதுன்னா நல்லதுதானுங்களே டாக்டர்" என்றாய். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு சுற்று மருந்து முடிந்த பிறகு கௌசல்யா லோடு வண்டியைப்பற்றி எழுதிய பாட்டுக்கு, குரலையும் பீட்டையும் அளவு பார்த்துச் சேர்த்து, நீ கடைசி மிக்ஸ் செய்தாய். உட்கார முடிகிற நாட்களில் ஒரு மணி, இரண்டு மணி. மறுபடி சேலம் வந்து படுத்தபோது லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, "எல்லாம் முடிஞ்சுது. ஃபைலா மாத்தி அவளுக்கு அனுப்பிரு. நாளைக்கு அவ வெளிய உடறா" என்றாய்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கிக்கின் முனை, தோலில் மரக்கட்டை படுகிற அந்த டிக் என்ற சத்தம், என் காதில் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல விழுந்தது. முன்பு நீ இப்படி வைத்ததே இல்லை. நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றியிருந்தாய். டாக்டர் சொன்ன உயர்ந்த சத்தங்களில் அதுவும் சேரும் என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது: உனக்குக் கேட்கவில்லை, அதனால் கூட்டியிருக்கிறாய்.

உன்னிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். கேட்டால் அது என்ன கேள்வியாக இருக்கும்? உன் காது போய்விட்டது என்று சொல்கிற கேள்விதானே. போனை வைத்துவிட்டேன். அந்த ஏற்றத்தை நான்கு டெசிபல் குறைத்தேன். உன் பிரதியைத் தொடாமல் வேறு பெயரில் சேமித்து, என்னுடையதைக் கௌசல்யாவுக்கு அனுப்பினேன். அன்பினால் செய்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பாட்டை உன் போனில் கேட்டாய். கையில் ஊசி இருந்ததால் போனை நான் பிடித்திருந்தேன். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாய். மூன்றாவது முறையும். பிறகு கேட்டாய்: "ஏன்டி, கிக்கு கொஞ்சம் அடங்கிப்போச்சு இல்ல?"

எனக்கு அந்த நொடியே தெரிந்தது. நான்கு டெசிபல் குறைந்ததை, ஒரு போன் ஸ்பீக்கரில், ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீ கண்டுபிடித்துவிட்டாய். இதைவிடப் பெரிய பரிட்சையை நான் வைத்திருக்க முடியாது. உன் காது இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை.

"இல்லையே, நீ வெச்ச மாதிரியேதான் இருக்கு" என்றேன்.

நீ இடது காதைத் தொட்டாய், வலது காதைத் தொட்டாய். "அப்ப என்ற காதுதான் போயிருச்சாட்ட இருக்குது" என்றாய். குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு அளவையைக் குறித்துக்கொள்வது போலச் சொன்னாய். நர்ஸ் உள்ளே வந்தாள். அவள் போனபிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் போனாள். நான் சொல்லவில்லை.

அதன்பிறகு மூன்று மாதம் இருந்தாய். லேப்டாப்பை ஒருமுறை என்னிடம் கேட்டு வாங்கி, திறக்காமலே மடியில் வைத்திருந்துவிட்டு உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தாய். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை இரண்டு பிரதிகளையும் திறந்தேன். உன் ஹெட்போனில் என்னுடையது வழுவழுப்பாக இருந்தது. அதே பழைய திருப்தி எனக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு போனில் போட்டேன். என்னுடையதில் கிக் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. போன் ஸ்பீக்கருக்கு வயிற்றுச் சத்தம் வராது. முனை இருந்தால்தான் அடி இருக்கிறது என்று காது நம்பும். இது இயற்பியல், எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. உன்னுடையதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது.

பென்டிரைவில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நீ இல்லாமல், முன்பின் தெரியாத ஒரு டிரைவரிடம் பென்டிரைவை நீட்ட என்ன பாடுபட்டேன் என்று நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். இளம்பிள்ளைகூடத் தாண்டவில்லை, என் பிரதி பாதி ஓடியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாட்டு நல்லாருக்குதுங்க. அடி எங்கீங்க?" என்றார். இன்ஜின் சத்தத்துக்குள் அது கரைந்து போயிருந்தது. உன்னுடையது ஓடியபோது ஸ்டியரிங்மேல் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னிடம், "பாடறது யாரு கண்ணு, உன்ற புள்ளையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

அந்த முனையை நீ கேட்காததால் ஏற்றினாயா, பஸ்ஸையும் போனையும் நினைத்து ஏற்றினாயா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. உன் காதில் ஏதாவது குறைந்தும் இருக்கலாம்; குறைந்த காதோடும் நீ சரியாகவே முடிவெடுத்திருக்கலாம். நீ நோயாளி ஆனதும் நீ செய்வதெல்லாம் எனக்கு நோயின் அடையாளமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னைப்பற்றி நானே நினைத்திருந்தேன்.

நிறுத்தத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கௌசல்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். லைன் போய்விட்டதோ என்று, "கௌசல்யா?" என்றேன்.

"இருக்கறனுங்க மேடம்" என்றாள். பிறகு, "அக்காகிட்ட, அடுத்த பாட்டுக்குப் பீட்டு போடுங்கக்கா, படுத்துட்டே சொல்லுங்க, நான் கம்ப்யூட்டர்ல அமுக்கறேன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன் தெரியுங்களா? 'காது போயிருச்சு சாமி, தப்பாப் போட்டு உன்ற பேரக் கெடுத்துருவேன்'னாங்க. நானும் நம்பிட்டேங்க. மூணு மாசமுங்க மேடம்."

அந்த மூன்று மாதமும் களைப்பு அல்ல என்பதை அவள் வாயால்தான் நான் முதன்முதலில் கேட்டேன்.

"அக்காளது எதுவோ அத அனுப்புங்க" என்றாள். "பாட்டையும் அதுலயே மாத்திப் போட்டுக்கறேன்." அவள் கோபத்திலும் அந்த 'ங்க' குறையவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் பிரதியை, குரலோடும் குரல் இல்லாமலும், அனுப்பிவிட்டேன். என்னுடையதை அழிக்கவில்லை. நான் செய்தது என்ன என்று எனக்கு நானே மழுப்பத் தொடங்கினால் திறந்து கேட்பதற்கு அது இருக்க வேண்டும். மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது நீ கட்டிலில் சாய்ந்தபடி கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை இத்தனை நாள் பதில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆமாம், அடங்கித்தான் இருந்தது. நீ சரியாகக் கேட்டாய்.